காந்தத்தை எங்கே போய்க் கட்டுவது?

2025 ஆகஸ்டில் மங்களூர் போய்விட்டு வந்தேன் என்று சொன்னதும், 'பீச் எப்படி சார் இருந்தது? மீன் சாப்பிட்டீங்களா?' என்று ஆவலாகக் கேட்டார் ஆபீஸ் நண்பர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மங்களூர் என்றால் எல்லோருக்கும் கர்நாடகத்து மங்களூர்தான் ஞாபகம் வரும். நான் போனது நம் கடலூர் மாவட்டத்து மங்களூர். விருத்தாசலம் தாண்டி மேற்கே போகவேண்டும். கடல் கிடையாது. மக்காச்சோளம் உண்டு, பருத்தி உண்டு, வெயில் தாராளமாக உண்டு. ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே இந்த ஊரின் பெயர்தான். முன்பு சட்டமன்றத் தொகுதியாகக்கூட இருந்தது. ஆனாலும் பெயரைச் சொன்னால் மீன் குழம்புதான்!

அங்கே என் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் நிலம். நான் போய் இறங்கிய நேரம், போர் மோட்டார் எரிந்து போயிருந்தது. மாமா அலட்டிக்கொள்ளவில்லை. ஆளை வைத்துக் குழாயோடு மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டும் கடையில் கொண்டுபோய் இறக்கினார். மறுநாள் சாயங்காலம் மோட்டார் தயார். அதற்கு அடுத்த நாள் காலை மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. 'இதெல்லாம் வருஷா வருஷம் நடக்கறதுதான் மாப்ளே' என்றார்.

அதே வீட்டு வாசலில் மச்சானின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், கவர் போட்டு மூடி, ஆறு வாரமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்கும் மோட்டாரில்தான் கோளாறு. கம்பெனிப் பெயர் எதற்கு, விடுங்கள். 'முழு மோட்டாரையே மாத்தணும், மேலேர்ந்து இன்னும் வரலை' என்று சர்வீஸ் சென்டரில் கை விரித்துவிட்டார்கள்.

காயில் கடைக்காரரிடம் சும்மா கேட்டேன். 'ஏண்ணே, இந்த ஸ்கூட்டர் மோட்டாரையும் நீங்களே பார்க்கலாமே?'

அவர் சிரித்தார். 'காயில் எரிஞ்சிருந்தா எதுவா இருந்தாலும் கட்டிடலாம் சார். இதுக்கு உள்ள இருக்கறது காந்தம். அது போச்சுன்னா, காந்தத்தை நான் எங்க போய்க் கட்டுறது?'

நான் பி.காம். படித்தவன். எனக்கு மோட்டார் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். ஆனால், 2025 முழுவதும் பேப்பர்களிலும் டி.வி.யிலும் வந்த 'ரேர் எர்த்' விவாதங்கள் அத்தனையிலும் கேட்காத கேள்வியை அந்த அண்ணன் ஒரே வரியில் கேட்டுவிட்டார் என்று தோன்றியது. இந்த வாரம் அதைத்தான் அலசப் போகிறோம்.

முதலில், நடந்த கதை. 2025 ஏப்ரல் 4-ம் தேதி சீனா ஓர் உத்தரவு போட்டது. டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமேரியம் உள்ளிட்ட ஏழு அரிமண் உலோகங்களையும், அவற்றைச் சேர்த்துச் செய்த காந்தங்களையும் இனிமேல் லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது. அவ்வளவுதான். உலகத்தின் அரிமண் காந்தங்களில் பத்துக்கு ஒன்பது சீனாவில் தயாராகிறவை. எனவே டெட்ராய்ட் தொடங்கி ஓசூர் வரை எல்லோருக்கும் வியர்த்தது. ஆகஸ்டில் சேடக் ஸ்கூட்டர் ஒன்றுகூடத் தயாரிக்க முடியாமல் போகலாம் என்று பஜாஜ் ஆட்டோவே எச்சரித்தது. ஓசூரும் போச்சம்பள்ளியும் இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இந்தியாவின் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு பிறக்கிறது. ஆகவே இது ஏதோ பீஜிங் - வாஷிங்டன் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

இத்தனைக்கும் அந்தக் காந்தம் எவ்வளவு இருக்கும்? ஒரு காருக்கு ஒன்று, இரண்டு கிலோ. ஸ்கூட்டருக்கு ஒரு கிலோகூட வேண்டாம். வண்டியின் விலையில் 5 சதவீதத்துக்கும் குறைவுதான் என்று கிரிசில் நிறுவனம் 2025 ஜூனில் கணக்குச் சொன்னது. 95 ரூபாய்ச் சாமான் தயாராக இருக்கிறது. 5 ரூபாய்ச் சாமான் வரவில்லை. வண்டி நிற்கிறது. கல்யாண வீட்டில் எல்லாம் ரெடி, உப்பு மட்டும் இல்லை என்கிற மாதிரி.

இதற்கு என்ன வைத்தியம் சொன்னார்கள்? இரண்டே வைத்தியம். ஒன்று, நம் கடற்கரை மணலைத் தோண்டி நாமே காந்தம் செய்வோம். இரண்டு, அதுவரை முழு மோட்டாராகவே சீனாவிலிருந்து இறக்கிக்கொள்வோம். இரண்டாவது வைத்தியம் விஷயமாகச் சில கம்பெனிகள் மும்முரமாக யோசித்தன. உப்பு கிடைக்காவிட்டால் சாம்பாரையே வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பது போல! 'உப்பே போடாத பட்சணம் ஏதாவது இருக்கிறதா?' என்ற மூன்றாவது கேள்வி எங்கோ ஓரத்தில், எஞ்சினீயர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற விஷயமாக ஒதுங்கிவிட்டது. என் புகார் அதுதான்.

இருக்கிறது சார். மாமாவின் போர் மோட்டாரில் அரிமண் காந்தம் கிடையாது. காந்தமே கிடையாது!

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எந்த மோட்டாரும் சுற்றவேண்டுமானால் இரண்டு காந்த சக்திகள் ஒன்றையொன்று இழுக்கவோ தள்ளவோ வேண்டும். ஒன்று, சுற்றியுள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்து உண்டாவது. அது எல்லா மோட்டாரிலும் உண்டு. இன்னொன்று, நடுவே சுழலும் ரோட்டாரில் வேண்டும். அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

இண்டக்‌ஷன் மோட்டாரில் ரோட்டாருக்குச் சொந்தக் காந்தம் இல்லை. அலுமினியக் கம்பிகளோ தாமிரக் கம்பிகளோதான் இருக்கும். வெளியே சுழலும் காந்தப் புலம் அந்தக் கம்பிகளில் மின்சாரத்தைத் தூண்டிவிட, அந்த மின்சாரமே தற்காலிகக் காந்தமாக வேலை செய்யும். 1888-ல் நிகோலா டெஸ்லா காப்புரிமை வாங்கிய சமாசாரம். கோயமுத்தூரில் 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தபிறகு, நம் ஊர்க் கிணறுகளில் எல்லாம் இறங்கிய ஜாதி இதுதான்.

எங்கள் பாஷையில் சொன்னால், இது வாடகை வீடு. காந்தத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் மின்சாரம் கொடுத்து வாடகைக்கு எடுக்கிறோம். அரிமண் காந்த மோட்டார் சொந்த வீடு. முதலிலேயே பணம் போட்டுக் காந்தத்தை வாங்கி ரோட்டாரில் பொருத்தியாயிற்று. மாதா மாதம் வாடகை இல்லை. அதனால் மின்சாரம் மிச்சம், சூடு குறைவு, மோட்டாரும் சின்னது. ஒரே பேட்டரியில் கொஞ்சம் கூடுதல் தூரம் போகலாம். இதை ஒப்புக்கொள்ளாமல் பேசுவது நியாயமில்லை. அந்த விஞ்ஞானியின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்ட டெஸ்லா கம்பெனியே, 2012-ல் இண்டக்‌ஷன் மோட்டாரோடு மாடல் எஸ் காரை விற்றுவிட்டு, 2017-ல் மாடல் 3-க்குக் காந்த மோட்டாருக்கு மாறியது. காரணம் இந்த மிச்சம்தான். அதே கம்பெனி 2023 மார்ச்சில், அடுத்த தலைமுறை மோட்டாரில் அரிமண்ணே இருக்காது என்று அறிவித்தது. சொந்த வீட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு என்று அதற்குள் புரிந்திருக்க வேண்டும். பத்திரம் வேறொருவர் கையில் இருக்கிறதே!

சரி, காந்தமில்லா மோட்டார் கிணற்றுக்கும் மாவு மில்லுக்கும்தான் லாயக்கா? பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்து 2019-ல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயில் இண்டக்‌ஷன் மோட்டாரில்தான் ஓடுகிறது. அதில் உட்கார்ந்துகொண்டு 'காந்தம் இல்லாமல் வேகமா?' என்று யாரும் கேட்பதில்லை.

ஐரோப்பாவிலும் ஆள் உண்டு. ரெனோவும் பி.எம்.டபிள்யூ.வும் ரோட்டாரில் காந்தத்துக்குப் பதிலாகக் காயிலையே சுற்றி, அதற்குத் தனியே மின்சாரம் கொடுக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ. 2020-ல் கொண்டுவந்த ஐஎக்ஸ்3 கார் அப்படிப்பட்டதுதான். இதில் ஒரு வசதி, காந்தத்தின் பலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாதபோது நிறுத்திவிடலாம். நிரந்தரக் காந்தத்தை நிறுத்த முடியாது. நெடுஞ்சாலையில் காலை எடுத்துவிட்டுச் சும்மா உருளும்போதும் அது உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். வாடகை வீட்டுக்காரர் நினைத்தால் காலி செய்துகொண்டு போகலாம். சொந்த வீட்டுக்காரர் எங்கே போவார்?

மோட்டாரைத் திருப்பிப் போட்டால் ஜெனரேட்டர். அதிலும் இதே கதைதான். நாகர்கோவில் பக்கம் போகும்போது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறுகளில் அங்கே நட்ட காற்றாலைகளில் பெரும்பாலானவை கியர் பாக்ஸும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டரும் கொண்டவை. காந்தம் கிடையாது. ஜெர்மனியின் எனர்கான் கம்பெனி கியர் பாக்ஸே இல்லாத காற்றாலை செய்தது. அதிலும் காந்தம் இல்லை, காயில்தான். பிறகு வந்த சில ரகங்களில் கியரும் வேண்டாம், காயிலும் வேண்டாம் என்று காந்தத்தை நிரப்பினார்கள். எவ்வளவு? ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ!

முப்பந்தலும் கன்னியாகுமரி மாவட்டம்தான். மணவாளக்குறிச்சியும் கன்னியாகுமரி மாவட்டம்தான். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் மணலைக் கண்டுபிடித்தது இந்த மணவாளக்குறிச்சியில். அந்த மணலுக்குள்தான் நியோடிமியம் இருக்கிறது. காந்தத்துக்கு மூலப்பொருள் ஒரு பக்கம், காந்தமே வேண்டாத காற்றாலை இன்னொரு பக்கம். நாம் பேசவேண்டிய விவாதம் முழுவதும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

'அதான் மணல் இருக்கே, தோண்டிக் காந்தம் செய்ய வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். அரசாங்கமும் அதைத்தான் சொல்கிறது. 2025 நவம்பர் 26-ம் தேதி மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டத்தை ஒப்புக்கொண்டது. வருடத்துக்கு 6,000 டன் அரிமண் காந்தம் இங்கேயே செய்யவேண்டும். 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒடிசா, கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் அரிமண் தொழில் வழித்தடங்கள் என்றும் அறிவித்தார்கள்.

திட்டம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ரொம்ப லேட் என்றுதான் சொல்வேன். ஐ.ஆர்.இ.எல். என்கிற மத்திய அரசு நிறுவனம் 1950-லிருந்து இருக்கிறது. 2012-ல் போட்ட ஒப்பந்தப்படி அது பிரித்தெடுத்த அரிமண் ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏன்? வாங்கிக் காந்தம் செய்ய இங்கே ஆள் இல்லை. 2025 ஜூனில் தட்டுப்பாடு தலைக்கு மேலே போனபிறகுதான் அந்த ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னார்கள். எள்ளை விற்றுவிட்டு எண்ணெய்க்கு வரிசையில் நின்ற கதை.

ஆனால், தோண்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேடையில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. நம் மணலில் நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நியோடிமியம் காந்தம் சூடு தாங்காது. மோட்டார் கொதிக்கும்போது அது பலம் இழந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் கலப்பார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓடும் வண்டிக்கு அது வேண்டியிருக்கும். சீனா 2025 ஏப்ரலில் பூட்டு போட்ட ஏழில் நியோடிமியம் இல்லை, டிஸ்ப்ரோசியம் இருக்கிறது. அதாவது, நம்மிடம் இருக்கும் சாவி வேறு பூட்டுக்கானது!

இன்னொன்றும் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது கதிரியக்கப் பொருள். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டபோது கடலோரத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2024 அக்டோபரில் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நகரத்தில் புகையில்லாமல் நாம் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு அவர்கள் வீட்டு வாசல் மணலைக் கேட்கிறோம். கேட்பதற்கு முன்னால், 'இந்த மணல் இல்லாமல் நடத்த முடியுமா என்று நாங்கள் முயற்சி பண்ணிப் பார்த்தோம், முடியவில்லை' என்று சொல்லும் யோக்கியதையாவது நமக்கு வேண்டாமா? அந்த 7,280 கோடி முழுக்கக் காந்தத்துக்கான திட்டம். காந்தமில்லாத மோட்டார் செய்கிறவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

இங்கே ஒரு பழைய கதை. நியோடிமியம் காந்தமே எப்படிப் பிறந்தது தெரியுமா? அதற்கு முன்னால் உலகின் பலசாலிக் காந்தம், சமேரியமும் கோபால்ட்டும் சேர்ந்தது. கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டிலிருந்து வந்தது. 1978-ல் அங்கே சண்டை மூண்டு, கோபால்ட் விலை எகிறியது. கோபால்ட் இல்லாமல் காந்தம் செய்தாக வேண்டும் என்று எல்லோரும் ஓடினார்கள். ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நியோடிமியம் - இரும்பு - போரான் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். கோபால்ட்டிலிருந்து விடுதலை!

விடுதலை எத்தனை நாள்? ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் காந்தத்துக்கென்றே தொடங்கிய மேக்னக்வென்ச் நிறுவனம் 1995-ல் சீனக் கம்பெனிகளும் சேர்ந்த ஒரு குழுவுக்கு விற்கப்பட்டது. லாபம் வந்தது, விற்றார்கள். கணக்குப் புத்தகத்தில் அது சரிதான். 2010-ல் ஜப்பானோடு கடல் எல்லைத் தகராறு வந்தபோது சீனா அரிமண் ஏற்றுமதியை இறுக்கியது. அடுத்த வருடம் விலை பல மடங்கு ஏறியது. ஜப்பான் பாடம் கற்றுக்கொண்டது. 2016-ல் ஹோண்டா டிஸ்ப்ரோசியம் இல்லாத காந்தத்தோடு ஒரு ஹைபிரிட் கார் மோட்டாரை அறிவித்தது. 2018-ல் டொயோட்டா நியோடிமியத்தைப் பாதிவரை குறைக்கும் காந்தத்தைக் காட்டியது. நாம்? ஜப்பானுக்கு மணலைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நேற்றைய விடுதலை இன்றைக்கு விலங்காகிவிட்டது, பாருங்கள். ஒரு பொருளை விட்டு இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டால் எஜமானர்தான் மாறுவார். என் முழு வாதமும் இதுதான். பிரச்னை நியோடிமியம் அல்ல. ஒரே காலில் நிற்பதுதான் பிரச்னை.

இதே அளவுகோலை என் கட்சி மோட்டார்கள் மீதும் வைத்துப் பார்க்கவேண்டும். காந்தத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும்? பெரும்பாலும் தாமிரம். தாமிரம் எங்கிருந்து வரும்? தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை 2018 மே மாதம் மூடப்பட்டது. அதற்கு முன் 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார்கள். அந்த ஆலை நின்றபிறகு, சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்கிற நாடாக மாறியது. ஆகவே, காந்தம் வேண்டாம், தாமிரம் போதும் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எந்த உலோகத்துக்கும் ஒரு மணவாளக்குறிச்சியோ ஒரு தூத்துக்குடியோ இருக்கத்தான் செய்யும். ஒரு சின்ன ஆறுதல், தாமிரத்தை ஒரே நாடு பூட்டிவைக்க முடியாது. எரிந்த காயிலையும் காயில் கடைக்காரர் குப்பையில் போடுவதில்லை. எடை போட்டு விற்கிறார். ஸ்கூட்டர் மோட்டாரில் ஒட்டிக்கிடக்கும் செத்த காந்தத்தை எடைக்கு யார் வாங்குகிறார்?

இந்தச் சமயத்தில்தான் மங்களூரிலிருந்து திரும்பும் வழியில் விருத்தாசலம் வருகிறது.

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், ரயில் ஜங்ஷன், அப்புறம் பீங்கான். பக்கத்தில் நெய்வேலி. அங்கே நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் இருக்கிறது. அதனால் பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க ஒரு நிறுவனம். உங்கள் பழைய வீட்டு மீட்டர் போர்டில் இருந்த வெள்ளை ஃப்யூஸ் கட்டை, கொலுவில் வைத்த பொம்மை, இவையெல்லாம் இந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம்.

மோட்டாருக்கும் பீங்கானுக்கும் என்ன சம்பந்தம்? சின்ன வயதில் பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து, பின்னால் இருந்த கறுப்பு வளையத்தை எடுத்து மண்ணில் இழுத்து இரும்புத்தூள் பொறுக்கியிருக்கிறீர்களா? கீழே போட்டால் கப் அண்ட் சாஸர் மாதிரி உடைந்துபோகும். ஏன் உடைந்தது? அது உலோகம் அல்ல, பீங்கான் ஜாதி! ஃபெரைட் என்று பெயர். மூலப்பொருள் இரும்பு ஆக்ஸைடு, சுருக்கமாகச் சொன்னால் துரு. அதோடு கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ கலந்து, நைசாக அரைத்து, அச்சில் அழுத்தி, சுமார் 1,200 டிகிரியில் சூளையில் சுட்டால் காந்தம். ஐம்பதுகளிலேயே ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனி செய்துவிட்டது. இன்றைக்கு உங்கள் தலைக்கு மேலே 28 வாட்டில் சுற்றும் 'பி.எல்.டி.சி.' மின்விசிறிகள் பலவற்றில் இருப்பதும் இந்தத் துருக் காந்தம்தான்.

பலம்? நியோடிமியத்தில் பத்தில் ஒரு பங்கு. அதனால் மோட்டார் கொஞ்சம் பெரிதாகும், கனக்கும். வடிவமைப்பில் மூளையைக் கசக்க வேண்டும். ஆனால், சூட்டில் காந்தத்தன்மை ஒரேயடியாய்ச் செத்துப்போகும் ஆபத்து இதற்கு நியோடிமியத்தைவிடக் குறைவு. இதற்கு ஆகாதது குளிர்தான். லடாக்கில் கவலைப்படட்டும், மங்களூரில் என்ன கவலை? 2025 அக்டோபரில் ஓலா கம்பெனியின் ஃபெரைட் மோட்டாருக்கு, ஒரகடத்தில் இருக்கும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் சான்று கொடுத்தது. 7 கிலோவாட், 11 கிலோவாட் என்று இரண்டு ரகம். சான்றிதழ் வேறு, சாலை வேறு. நாலு மழைக்காலம் ஓடியபிறகுதான் கைதட்டுவேன். ஆனாலும், முடியாது என்று யாரும் இனி சொல்ல முடியாது. பெங்களூரில் சாரா டெக்னாலஜீஸ் என்ற சின்னக் கம்பெனி அரிமண் இல்லாத மோட்டாருக்கென்றே 2019-லிருந்து உழைத்துக்கொண்டிருக்கிறது.

நாளைக்கே பொம்மைச் சூளையில் மோட்டார் காந்தம் சுட்டுவிடலாம் என்று நான் கதை விடவில்லை. அந்த அச்சும் சுத்தமும் வேறு. ஃபெரைட்டிலும் சீனாதான் முன்னணியில் இருக்கிறது. ஆனால், தூளை அரைப்பது, அழுத்துவது, சுடுவது, சுட்டபின் சுருங்கும் அளவைக் கணக்குப் போடுவது, இந்தக் கைப்பழக்கம் ஒரு ஊருக்கே இருக்கிறது. வழித்தடம், வழித்தடம் என்கிறார்களே, அது மணவாளக்குறிச்சி மணலிலிருந்து புறப்பட்டால் போதுமா? விருத்தாசலம் சூளை வழியாகவும், கோயமுத்தூர் மோட்டார்ப் பட்டறை வழியாகவும் போகக்கூடாதா?

இனி ஒரு பி.காம்.காரனின் யோசனை. எல்லா மோட்டாருக்கும் ஒரே விதி வேண்டாம். இடம் சுருக்கம், எடை முக்கியம் என்கிற இடத்தில் அரிமண் காந்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். ராணுவத் தளவாடம், ஆஸ்பத்திரிக் கருவி, நடுக்கடல் காற்றாலை, அங்கெல்லாம் அது நியாயமான செலவு. தெருவில் 40 கி.மீ. வேகத்தில் காய்கறி ஏற்றிப் போகும் ஆட்டோவுக்கு, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு, தரையில் நிற்கும் காற்றாலைக்கு, அது எதற்கு? ரெண்டு கிலோ எடை கூடினால் காய்கறி கோபித்துக்கொள்ளாது. விளம்பரத்தில் ஐந்து கி.மீ. தூரம் குறையும், அவ்வளவுதான்.

இந்த ஐந்து கி.மீ.க்காகத்தான் கம்பெனிகள் பயப்படுகின்றன. ஏனென்றால் ஷோரூமில் நாம் கேட்பது ஒரே கேள்வி: 'ஒரு சார்ஜுக்கு எவ்வளவு போகும்?' மைலேஜ் கேட்டே வளர்ந்த ஜனம் நாம். அடுத்தமுறை இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். 'உள்ளே என்ன மோட்டார்? ரிப்பேர் ஆனால் எங்கள் ஊரில் யார் சரி செய்வார்?' விற்பனைப் பையன் முழிப்பான். முழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் மேனேஜர் முழிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் வடிவமைப்பு மாறும்.

வாங்கிய விலை மட்டும் ஒரு பொருளின் அடக்க விலை ஆகாது என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காத்திருந்த நாளும் செலவுதான். மச்சானின் ஸ்கூட்டர் ஆறு வாரம் நின்றது. அத்தனை நாளும் அவன் வேலைக்குப் போனது அப்பாவின் பழைய பெட்ரோல் மொபெட்டில். வாடகைக் காந்தத்தில் ஆன கூடுதல் கரன்ட் எவ்வளவு, சொந்தக் காந்தத்துக்காக எரித்த பெட்ரோல் எவ்வளவு? நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று காயில் கடைப் பக்கம் போனேன். இன்னொரு போர் மோட்டார் வந்து படுத்திருந்தது. அண்ணன் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். 'என்ன சார், மச்சான் வண்டிக்குக் காந்தம் வந்துச்சா?' என்றார். இன்னும் இல்லை என்றேன்.

'வரும், வரும். கப்பல்லதானே வரணும்' என்று சொல்லிவிட்டுக் கம்பியை இழுத்துக் கட்டினார்.